வைரஸைத் தடுக்கும் சிறு புரதம்: வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேரளத்தில் நிபா என்று செய்தி வந்தாலே களியக்காவிளை சோதனைச் சாவடியில் காய்ச்சல் பரிசோதனை தொடங்கிவிடும். நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பயோடெக்னாலஜி படிப்பவர்கள் புராஜெக்ட்டுக்கு நிபாவை எடுக்க இதைவிடக் காரணம் வேண்டாம். வைரஸில் ஒட்டி, அது செல்லுக்குள் நுழைவதைத் தடுக்கும் சிறு புரதத்தைக் கணினியில் வடிவமைப்பதுதான் வேலை. புரத வடிவத்தை உருவாக்கும் ஆர்எஃப்டிஃப்யூஷன், அதற்கு அமினோ அமில வரிசை தரும் புரோட்டீன்எம்பிஎன்என், வரிசையிலிருந்து வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு என மென்பொருள்கள் எல்லாம் இலவசம். இணையத்தில் இயங்கும் கூகுள் கோலாபில் வீட்டிலிருந்தே வடிவமைக்கலாம்.

பெரும்பாலோர் சறுக்குவது புரதம் ஒட்ட வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான். நிபாவின் ஜி புரதம் நம் செல்லின் மேலுள்ள எஃப்ரின்-பி2 அல்லது பி3-ஐப் பிடிக்கிறது. எஃப்ரினின் ஒரு வளையம் ஜி-யின் தலையிலுள்ள குழிக்குள் போய் உட்காருகிறது. அந்தக் குழியை அடைக்காமல் ஜி-யின் முதுகில் ஒட்டும் புரதம், எவ்வளவு இறுக்கமாக ஒட்டினாலும் நுழைவைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. இடத்தை நீங்கள் சொல்லாவிட்டால் மென்பொருள் எங்கே வசதியோ அங்கே ஒட்டவைத்துவிடும். புரத வடிவங்களைச் சேமித்து வைக்கும் புரோட்டீன் டேட்டா பேங்கில் 2விஎஸ்எம் என்ற கோப்பில் ஜி-யும் எஃப்ரின்-பி2-வும் சேர்ந்தே இருக்கின்றன. எஃப்ரினைத் தொடும் அமினோ அமிலங்களைக் குறித்து, அவற்றிலிருந்தே ஹாட்ஸ்பாட்டை, அதாவது மென்பொருள் குறிவைக்க வேண்டிய இடங்களை, கொடுங்கள்.

அப்புறம் சர்க்கரை. வைரஸ் புரதங்களைச் சர்க்கரைச் சங்கிலிகள் போர்த்தியிருக்கும். கொரோனா வைரஸின் மேலுள்ள ஸ்பைக் புரதத்தில், ஒரு புரதச் சங்கிலிக்கு இப்படிச் சர்க்கரை ஒட்டும் இடங்கள் 22. கோப்பில் பெரும்பாலும் முதல் ஓரிரு சர்க்கரைகள்தான் தெரியும், அதைப் பார்த்து இடம் காலி என்று நினைத்துவிடக்கூடாது. வரிசையில் அஸ்பரஜின், அடுத்து புரோலைன் தவிர ஏதாவது ஒன்று, மூன்றாவதாகச் செரைன் அல்லது திரியோனைன் வந்தால், அங்கே சர்க்கரை இருக்க வாய்ப்புண்டு.

கணிப்பை எவ்வளவு நம்பலாம் என்று ஆல்ஃபாஃபோல்டு தரும் மதிப்பெண்ணை முடிவாக எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. அது வடிகட்ட உதவும், அவ்வளவுதான். எண்ணெய்ப் பசையுள்ள அமினோ அமிலங்கள் வெளியே அதிகம் இருக்கும் புரதத்துக்கும் நல்ல மதிப்பெண் கிடைக்கும். ஆய்வகத்தில் அது தனக்குள்ளேயே திரண்டுவிடலாம், கண்டதிலும் ஒட்டலாம். ஒட்டும் முகத்தில் ஒரு முக்கிய அமினோ அமிலத்தை மாற்றிய வடிவத்தையும் கூடவே சோதியுங்கள். அதுவும் அதே அளவு ஒட்டினால் உங்கள் கணிப்பைச் சந்தேகப்படத்தான் வேண்டும்.

ஒட்டுகிறது என்று தெரிந்தவுடன் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். உயிருள்ள நிபாவை உயர்பாதுகாப்பு நான்காம் நிலை ஆய்வகத்தில்தான் கையாள முடியும், கல்லூரியில் நடக்காது. பெருகாத போலி வைரஸை வைத்துத் தடுப்பைச் சோதிக்கும் வழி உண்டு. அதற்கு உரிய வசதியுள்ள ஆய்வகத்தோடு சேர்ந்து செய்யலாம். ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதம் என்றால் அதன் நச்சுப் பொருளான எண்டோடாக்சினை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் செல்கள் காட்டும் மாற்றத்துக்குக் காரணம் எதுவென்றே பிரிக்க முடியாது.

வைரஸ் மாறும் என்பதை மறப்பவர்களும் உண்டு. 2020-இல் புரத வடிவமைப்பு விஞ்ஞானி டேவிட் பேக்கரின் குழு உருவாக்கிய எல்சிபி1 என்ற சிறு புரதம், அறுபதுக்கும் குறைவான அமினோ அமிலங்களோடு, மிகக் குறைந்த அளவு சேர்த்தாலே கொரோனாவைத் தடுத்தது. ஆனால் ஒமிக்ரான் வந்ததும் வலுவிழந்தது. அதே குழுவின் ஏஹெச்பி2, கொரோனா பிடிக்கும் நம் செல்லின் ஏசிஇ2 புரதத்திலுள்ள சுருளைப் பின்பற்றி வடிவமைத்தது. தனியாக அவ்வளவு வலுவில்லை. அதையே மூன்றாக இணைத்தபோது ஒமிக்ரானையும் தடுத்தது. நிபாவில் மலேசிய, வங்கதேச வகைகளின் ஜி வரிசைகளை அருகருகே வைத்து, இரண்டிலும் மாறாத இடங்களைத் தொடும் வடிவங்களை மட்டும் சோதனைக்கு அனுப்புங்கள்.