கதைப்பாடலுக்குள் தொன்மத்தைக் கொண்டுவருவது

நவீனக் கதைப்பாடல் எழுத உட்காருபவர்கள் முதலில் பழஞ்சொற்களைத் தேடிப் போகிறார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். விட்டேவிட்டால் இன்னும் நல்லது. முதிய மாலுமியின் பாடலை 1798-இல் ஆங்கிலக் கவி கோல்ரிட்ஜ் வெளியிட்டபோது பழைய எழுத்துக்கூட்டலும் வழக்கொழிந்த சொற்களும் அதில் நிறைந்திருந்தன. 1800 பதிப்பிலேயே பெரும்பாலானவற்றைக் களைந்துவிட்டார். பாட்டின் அமானுஷ்யம் குறையவில்லை. காரணம் சொல்லாமல் ஒருவன் பறவையைக் கொல்கிறானே, அது அங்கேதான் இருக்கிறது.

ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுங்கள். முடிவுக்குப் பக்கத்தில் தொடங்குங்கள். தொன்ம உருவமும், அதாவது பழங்கதையிலிருந்து வரும் பேயோ தெய்வமோ, ஒன்று போதும். அதை நீக்கிப் பாருங்கள். கதை அப்படியே நின்றால், அந்த உருவம் வெறும் ஜோடனை.

அந்த உருவம் நிஜமா, பிரமையா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஜெர்மன் கவி கதே 1782-இல் எழுதிய பேயரசன் பாட்டு எட்டே கண்ணிகள், நான்கு குரல்கள். பேயரசனைப் பார்த்தேன் என்கிறான் மகன். மூடுபனி என்கிறான், அவனைக் குதிரையில் கொண்டுபோகும் தகப்பன். பேச்சுக் கேட்கிறது என்றால் சருகில் காற்று. பேயரசனின் மகள்கள் நிற்கிறார்கள் என்றால் பழைய மரங்கள். நான்காம் முறை தகப்பனிடம் பதில் இல்லை, குதிரையை விரட்டுகிறான். கதைசொல்லி யார் பக்கமும் சாயவில்லை.

வடிவத்துக்கு வருவோம். ஆங்கிலக் கதைப்பாடலில் நான்கு அழுத்தம், மூன்று அழுத்தம் என்று அடிகள் மாறி மாறி வரும். இரண்டாம் அடியும் நான்காம் அடியும் ஒரே ஓசையில் முடிந்து இயையும். தமிழில் நாற்சீர், முச்சீர் என்று வைத்துக்கொள்ளலாம்:

ஆற்றங் கரையில் நிற்பவள் யாரோ
அம்மா, அவள்கை ஈரம்;
நேற்றைக் காட்டிலும் இன்றைக்கு ஏனோ
குறைந்து விட்டது தூரம்.

வந்தான், சென்றான் என்று வினைமுற்றுகளை வைத்தே இயைபு பிடித்தால் நாலைந்து கண்ணிகளுக்குள் காது அலுத்துவிடும். ஓர் அடியையாவது பெயர்ச்சொல்லில் முடியுங்கள். திரும்ப வரும் அடியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றுங்கள். மூன்றாம் முறை ‘அவள்கை’ ‘என்கை’ ஆகட்டும். ஏன் என்று அந்தக் கண்ணியிலும் சொல்ல வேண்டாம், அடுத்ததிலும் வேண்டாம்.

பெரிய வழுக்கல் வேறிடத்தில். தொன்மத்தை நம்பும் ஆதிமனம் வேண்டும் என்பதற்காக ஒரு சமூகத்தையே ஆதிமக்களாக்கிவிடுவது. ஸ்பானியக் கவி லோர்கா ஜிப்சி இனத்தாரை வைத்து எழுதிய கதைப்பாடல்கள் 1928-இல் நூலாயின. அதற்கு முன்பே, தன்மீது ஒட்டிய ஜிப்சி முத்திரை சலிப்பூட்டுகிறது, அவர்கள் எனக்கு ஒரு கருப்பொருள் மட்டுமே என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் பாட்டில் அவர் நிலாவை இறக்கிய இடம் கொல்லன் பட்டறை. அங்கே பட்டடைக்கல் இருக்கிறது, குழந்தை இருக்கிறது. ‘கள்ளமறியாதவர்’, ‘மண்ணின் மைந்தர்’ போன்ற அடைமொழிகளை அடித்துவிட்டு, அந்த ஆட்களின் கையில் ஒரு கருவியைக் கொடுங்கள்.

எழுதி முடித்ததும் கடைசிக் கண்ணியை மூடிக்கொண்டு உரக்கப் படியுங்கள். பெரும்பாலும் அது முந்தைய கண்ணிக்குப் பொழிப்புரையாகத்தான் இருக்கும். வெட்டிவிடுங்கள்.