சிங்கப்பூரில் வேலை தேட ரெஸ்யூமே எழுதுவது எப்படி

ரெஸ்யூமே எழுத உட்கார்ந்ததும் பலரும் முதலில் தேடுவது அழகான டெம்ப்ளேட்டைத்தான். அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கைபேசியிலோ நோட்டிலோ, இதுவரை பார்த்த வேலை, படித்த படிப்பு, எடுத்த சான்றிதழ் எல்லாவற்றையும் மாதம், ஆண்டோடு எழுதி வையுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தாலும் பரவாயில்லை. பள்ளி விடுமுறையில் தேக்கா பக்கம் துணிக்கடையில் நின்றதும், தேசிய சேவையில் ஸ்டோர் பார்த்ததும் இதில் சேரும்.

தலைப்பகுதி

பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், வசிக்கும் வட்டாரம். வட்டாரம் என்றால் 'தெம்பனிஸ்' போதும், புளோக் எண் வேண்டாம். அடையாள அட்டை எண்ணைப் போடவே போடாதீர்கள். 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள தனிநபர் தகவல் பாதுகாப்பு விதிகளின்படி, சட்டம் கேட்டாலோ ஆளை ஐயமின்றி உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ தவிர நிறுவனங்கள் அந்த எண்ணை வாங்கக் கூடாது. வேலை உறுதியானதும் அவர்களே கேட்பார்கள், அப்போது கொடுத்தால் போதும்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களின் ரெஸ்யூமேயில் தகப்பனார் பெயர், பிறந்த தேதி, மதம், திருமண நிலை எல்லாம் இருக்கும். கடைசியில் 'மேற்கண்டவை அனைத்தும் உண்மை' என்ற உறுதிமொழியும் கையெழுத்தும் வேறு. அத்தனையையும் எடுத்துவிடலாம். வேலைக்குத் தொடர்பில்லாத இந்த விவரங்களை விண்ணப்பத்தில் கேட்கக் கூடாது என்றே இங்குள்ள நியாயமான வேலை நடைமுறைக்கான முத்தரப்பு வழிகாட்டிகள் சொல்கின்றன. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தையும் நிறைவேற்றியிருக்கிறது. படமும் வேண்டாம். விமானப் பணிப்பெண் வேலை மாதிரி அவர்களாகக் கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.

நம் ஆட்களுக்குப் பெரிய சிக்கல் பெயர். அடையாள அட்டையில் 'எஸ்/ஓ', 'டி/ஓ' போட்டு அப்பா பெயர் இருக்கும். இந்தியக் கடப்பிதழில் சிலருக்குக் குடும்பப் பெயர்ப் பகுதி காலியாகவே இருக்கும், சிலருக்கு அங்கே அப்பா பெயர். ஆன்லைன் படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டியை நீட்டும். கடைசிப் பெட்டியில் அப்பா பெயரைப் போட்டால், நேர்முகத்துக்கு அழைக்கும் மின்னஞ்சல் அப்பாவை வணங்கித் தொடங்கும்! என் வழி இது: ரெஸ்யூமேயின் உச்சியில் எல்லோரும் உங்களைக் கூப்பிடும் பெயரைப் பெரிய எழுத்திலும், அதற்கு அடுத்து அப்பா பெயரையும் போடுங்கள். படிவத்தில் மட்டும் கடப்பிதழிலோ அடையாள அட்டையிலோ உள்ளபடி எழுத்து மாறாமல் நிரப்புங்கள். சான்றிதழில் 'முதலெழுத்து' மட்டும் இருந்து கடப்பிதழில் முழுப்பெயர் இருந்தால் ரெஸ்யூமேயில் அதை விளக்க வேண்டாம், கேட்கும்போது சொல்லத் தயாராக இருங்கள்.

அதற்குக் கீழே ஒரே வரியில் உங்கள் நிலை: குடியுரிமை, நிரந்தரவாசம், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸ், எதுவோ அது. இதை மறைப்பதில் பயனில்லை, முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுவார்கள். துணைவரின் பாஸில், அதாவது டிபென்டன்ட்ஸ் பாஸில், இருப்பவர்கள் கவனிக்க: 2021 மே மாதத்திலிருந்து வேலை செய்யத் தனி வேலை அனுமதி வேண்டும், பழைய ஒப்புதல் கடிதம் போதாது.

வேலை அனுபவம்

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வோம். வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த பணி விவரத் தாளைப் பார்த்து 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்று ஆரம்பித்து வரிசையாக எழுதிவிடுகிறோம். அதே பதவியில் இருக்கும் எவரும் அந்த வரிகளைத் தங்கள் பெயரில் போட்டுக்கொள்ளலாம். அப்படியிருக்க, உங்களைக் கூப்பிட அவர்களுக்கு என்ன காரணம்?

என் சித்தி மகள் கிளினிக் ஒன்றில் பதிவு மேசையில் இருந்தவள். 'நோயாளிகளைப் பதிவு செய்தல், தொலைபேசிக்குப் பதில் சொல்லுதல்' என்று இரண்டே வரி எழுதி வைத்திருந்தாள். பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"எண்பது இருக்கும்க்கா. திங்கட்கிழமைன்னா நூறு தாண்டும்."

"பணம் யார் வாங்குவா?"

"நான்தான். சாஸ் கார்டு பாத்து, மெடிசேவ் கிளெய்ம் அனுப்புறதும் நான்தான். திரும்பி வர்ற கிளெய்மையும் நான்தான் சரிபண்ணுவேன். புதுசா வந்த ரெண்டு பேருக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்."

இதில் எதுவும் அவள் ரெஸ்யூமேயில் இல்லை! (சாஸ் என்பது கிளினிக் கட்டணத்துக்கான அரசு உதவித் திட்டம், மெடிசேவ் என்பது மருத்துவச் செலவுக்கான சேமிப்புக் கணக்கு.) அவள் சொன்னதையே வரிகளாக்கினோம்: நாளுக்கு 80 முதல் 100 பேர் வரும் கிளினிக்கில் பதிவும் கட்டண வசூலும் பார்த்தேன். சாஸ், மெடிசேவ் கோரிக்கைகளை அனுப்பி, திரும்பி வந்தவற்றைத் திருத்தினேன். புதிய ஊழியர் இருவருக்குப் பயிற்சி கொடுத்தேன். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு வரியும் வினைச்சொல்லில் தொடங்கட்டும். விட்ட வேலைக்கு இறந்த காலம், பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு நிகழ்காலம்.

உங்கள் வேலைக்கும் இதே கேள்விகள்தான். எத்தனை, எதைக் கொண்டு, யாருக்காக, நீங்கள் வந்த பிறகு என்ன மாறியது? துவாஸ் கிடங்கில் இருந்தவருக்கு நாளுக்கு எத்தனை பேலட் ஏற்றினார் என்பதும், ஃபோர்க்லிஃப்ட் பயிற்சிச் சான்றிதழும் தங்கம். எண் நினைவில்லையென்றால் 'சுமார்' போடுங்கள். இல்லாத எண்ணை மட்டும் போடாதீர்கள், நேர்முகத்தில் அதைத்தான் தோண்டுவார்கள்.

புதிய வேலை மேலே, பழையது கீழே. பத்தாண்டுக்கு முந்தைய வேலைக்கு ஒரு வரி போதும். மொத்தம் இரண்டு பக்கம், புதிதாகப் படித்து வந்தவர்களுக்கு ஒன்று.

படிப்பு

இது சுலபம். ஒரே ஒரு எச்சரிக்கை: மதிப்பெண்ணை எத்தனைக்கு என்பதோடு சேர்த்து எழுதுங்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியின் ஜிபிஏ 4-க்கு, என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் 5-க்கு. வெறும் 3.6 என்றால் ஒன்றில் பிரமாதம், மற்றொன்றில் சுமார். இந்தியப் பட்டத்தின் சதவீதத்தை ஜிபிஏயாக மாற்ற முயலாமல் அப்படியே விடுங்கள். கல்லூரியின் பெயரும் பட்டத்தின் பெயரும் சான்றிதழில் உள்ளபடியே இருக்கட்டும். 2023 செப்டம்பரில், விண்ணப்பங்களைப் புள்ளி போட்டு மதிப்பிடும் காம்பஸ் முறை வந்ததிலிருந்து, எம்ப்ளாய்மென்ட் பாஸ் விண்ணப்பத்தில் குறிப்பிடும் பட்டத்துக்குச் சரிபார்ப்புச் சான்று கேட்கிறார்கள்.

வடிவமைப்பும் ஒரு சோதனையும்

கேன்வா மாதிரி வடிவமைப்புத் தளத்தில் செய்யும், பக்கத்தை இடம் வலமாக இரண்டு நெடுவரிசையாகப் பிரித்த ரெஸ்யூமே எனக்குப் பிடிக்காது. பார்க்க அழகுதான். ஆனால் விண்ணப்பத் தளங்கள் கோப்பிலிருந்து எழுத்தை உருவிப் படிவத்தை நிரப்பும்போது, இடப்பக்கத் திறன் பட்டியல் வலப்பக்க வேலை அனுபவத்துக்குள் புகுந்துவிடும். திறமைக்கு நட்சத்திரம் போடுவதும் வீண். எக்செலில் நாலு நட்சத்திரம் என்றால் என்ன அர்த்தம்? பைவட் டேபிள் தெரியும் என்று எழுதுங்கள். கூகுள் டாக்ஸில் ஒரே நெடுவரிசை, ஏரியல் அல்லது கலிப்ரி எழுத்து, 11 அளவு, ஏ4 தாள். அவ்வளவுதான்.

பிடிஎஃப் ஆக்கியதும் அதைத் திறந்து, எல்லாவற்றையும் தெரிவு செய்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை கலையாமல் வந்தால் சரி. தொலைபேசி எண் காணோம் என்றால் அது பக்கத்தின் உச்சியிலுள்ள ஹெடர் பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் கீழே இறக்குங்கள். எதுவுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் கோப்பு வெறும் படம், திரும்பச் செய்யுங்கள்.

அப்புறம், ஒரே ரெஸ்யூமேயை எல்லா இடத்துக்கும் அனுப்பாதீர்கள். மைகரியர்ஸ்ஃபியூச்சர் என்ற அரசு வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரத்தோடு சம்பள வரம்பும் தேவைப்படும் திறன்களும் இருக்கும். அந்தத் திறன்களில் உங்களிடம் உண்மையாக உள்ளவற்றை அவர்கள் பயன்படுத்திய அதே சொல்லால் முதல் அரைப் பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். எதிர்பார்க்கும் சம்பளத்தை ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள், படிவம் கேட்டால் அங்கே போட்டுக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் சிலர் கேட்டவை. குழந்தைக்காக நாலு வருடம் வீட்டில் இருந்தேன், அந்த இடைவெளியை என்ன செய்வது? ஆண்டுகளோடு 'குடும்பப் பொறுப்பு' என்று ஒரு வரி போடுங்கள். அந்தக் காலத்தில் துணைப்பாடம் சொல்லிக் கொடுத்திருந்தால், ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுத் திறன் பயிற்சித் திட்ட வகுப்புக்குப் போயிருந்தால் அதையும் சேருங்கள். தேதியை நீட்டி இடைவெளியை மூட வேண்டாம்.

தேசிய சேவையை எங்கே போடுவது? வேறு அனுபவம் இல்லாத இளையர் என்றால் வேலை அனுபவத்திலேயே, சேவை முடிந்த (ஓஆர்டி) மாதத்தோடு. பல வருடம் வேலை பார்த்தவர்களுக்குக் கடைசியில் ஒரு வரி போதும்.

நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று எழுத வேண்டுமா? எழுதினால் நல்லது. வேலை ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதில் எதுவும் சொல்லவில்லை என்றால் வேலை நியமனச் சட்டப்படி 26 வாரத்துக்குக் குறைவாக வேலை பார்த்தவருக்கு ஒரு நாள், இரண்டு ஆண்டுக்குள் ஒரு வாரம், ஐந்து ஆண்டுக்குள் இரண்டு வாரம், அதற்கு மேல் நான்கு வாரம்.