கட்டி ஒருவருக்கு, கிருமி வீட்டுக்கே

இந்தக் கோடையில் எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இளம் மருத்துவர்கள் சீழ்க்கட்டிக்கு எழுதும் மருந்துச் சீட்டுகளைப் பார்க்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த அதே தவறுகள். கை கழுவுவது, கட்டியைப் பிதுக்காமலிருப்பது எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கட்டி வந்தவரை மட்டும் பார்ப்பது

ஒன்பது வயதுப் பையன், தொடையில் சீழ்க்கட்டி. செஃபலெக்சின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினேன். மூன்று வாரத்தில் பிட்டத்தில் இன்னொன்று, அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் என்ற வேறோர் ஆன்டிபயாடிக்குக்கு மாற்றினேன். கட்டி தானாக உடைந்து ஆறியதை மருந்தின் வெற்றி என்று நம்பினேன். "மாம்பழச் சூடு, டாக்டர்" என்றார் பாட்டி. நானும் மறுக்கவில்லை.

அடுத்து அவன் அக்காவுக்கு அக்குளில் வந்தது. அப்போதுதான் சீழைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பினேன். வந்த பதில்: மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நான் எழுதிய இரண்டு மருந்துகளும் அதனிடம் பலிக்காதவை.

ஒரு மாலை அவர்கள் வீட்டுக்கே போனேன். குளியலறைக் கதவின் பின்னால் ஓர் ஆணி, அதில் ஒரே துண்டு, ஐந்து பேருக்கும். காலையில் துடைத்த ஈரம் மாலையிலும் காயவில்லை.

ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் குடியிருக்கிறது. கட்டியே வராதவரும் அடங்காத வகையைச் சுமந்து மற்றவருக்குக் கொடுக்கலாம். "எனக்குத்தான் ஒன்றுமில்லையே" என்ற அம்மா உட்பட எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தொடங்கினோம்: ஐந்து நாள் மூக்கில் முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு, குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினியால் குளியல், ஆளுக்கொரு துண்டு, அதுவும் வெயிலில் உலர்த்தியது. அதன் பிறகே கட்டிகள் நின்றன.

"வீட்டில் வேறு யாருக்காவது கட்டி வந்ததா?" இந்த ஒரு கேள்வி இல்லாத சீட்டைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் குழந்தை நான்கு மாதம் உட்கார முடியாமல் தவித்தது நான் அதைக் கேட்காததால்தான்.

சீழை எடுக்காமல் மாத்திரை கொடுப்பது

தேங்கிய சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. பழுத்த கட்டியைக் கீறி வடிய விடுவதுதான் முதல் சிகிச்சை. வடித்த சீழைக் குப்பையில் போடாமல் கல்ச்சருக்கு அனுப்புங்கள்.

மிஞ்சிய மாத்திரையை அடுத்தவருக்குக் கொடுப்பது

இப்படிக் கண்டபடி கொடுக்கும் மருந்துக்குக் கிருமி பழகிவிடும். மெத்திசிலின் 1959இல் புழக்கத்துக்கு வந்தது. அதற்கு அடங்காத கிருமி 1961லேயே பிரிட்டனில் பதிவானது. கிருமிக்கு இரண்டே ஆண்டு போதுமாக இருந்தது.

ஸ்டீராய்டு கலந்த களிம்பு

வேண்டவே வேண்டாம்.

காத்திருப்பது

காய்ச்சல், வேகமாகப் பரவும் சிவப்பு, மூக்கருகே அல்லது மேலுதட்டில் கட்டி, சர்க்கரை நோயாளி, கைக்குழந்தை: அன்றே மருத்துவமனை.