விசா இல்லாவிட்டாலும் ஜீபியில் பதியலாம்

இங்கிலாந்தில் வந்து இறங்கியதும் வேலை, வங்கிக் கணக்கு என்று ஓடுகிறோம். அதற்கு முன் வீட்டுக்குப் பக்கத்து ஜீபியில், அதாவது குடும்ப டாக்டரிடம், பெயரைப் பதியுங்கள். நோய் வருத்தம் வந்தபின் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு தங்கச்சியைக் கூட்டிப் போனேன். ஐந்து மாத வயிறு, அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவள். வரவேற்பு மேசையில் இருந்தவர் பாஸ்போர்ட்டும் கரண்ட் பில்லும் கேட்டார். "அக்கா, வாங்கோ போவம்" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. இவை கட்டாயமில்லை என்று அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் சொல்வதை ஃபோனில் காட்டினேன். உள்ளே போய்க் கேட்டு வந்து படிவத்தைத் தந்தார். உங்களை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். டாக்டர்ஸ் ஆஃப் த வேர்ல்ட் அமைப்பும் உதவும்.

ஜீபியைப் பார்க்க யாரும் காசு கட்டத் தேவையில்லை. அவசரப் பிரிவிலும், காசநோய், எச்ஐவி சிகிச்சைக்கும் அப்படியே. அகதி விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தால் ஆஸ்பத்திரியும் இலவசம். நீண்டகால விசாவில் வருபவர்களில் பெரும்பாலானோர் என்எச்எஸ் கட்டணமாக வருடத்துக்கு 1,035 பவுண்ட், மாணவர்கள் 776, முன்கூட்டியே கட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

சிக்கல், விண்ணப்பம் மறுக்கப்பட்டவர்களுக்கும் விசா முடிந்தவர்களுக்கும்தான். ஆஸ்பத்திரியில் செலவைப் போல ஒன்றரை மடங்கு பில் வரலாம். பிரசவத்துக்கும் வரும், ஆனால் காசு கட்டவில்லை என்று பிரசவப் பராமரிப்பை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. கையில் உள்ள காசைப் பார்க்காமல் நோயைப் பார்ப்பது என்றுதான் 1948இல் என்எச்எஸ்ஸைத் தொடங்கினார்கள். பிள்ளைத்தாச்சிக்கு விசா பார்த்துப் பில் போடுவது அந்த அறத்துக்கு அடுக்காது, எனக்கு மனம் ஆறவில்லை. ஆனாலும் பில்லை ஒளித்து வைக்காதீர்கள். 500 பவுண்டுக்கு மேல் பாக்கி நின்றால் பிறகு விசா கேட்கும்போது இடிக்கும். தவணை கேளுங்கள்.

இன்னொன்று, பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மாவின் இரத்தப்போக்கை எட்டு வயது மகன் டாக்டரிடம் சொன்னதைப் பார்த்திருக்கிறேன். தரையையே பார்த்தபடி பாதியை விழுங்கிவிட்டான். அந்தப் பாதி தெரியாமல் டாக்டர் என்ன மருந்து எழுதுவார்? புரியாத சிகிச்சைக்குச் சம்மதம் சொன்னாலும் அது சம்மதமாகாது. அப்பாயின்ட்மென்ட் எடுக்கும்போதே "தமிழ் இன்டர்பிரெட்டர் வேண்டும்" என்று சொல்லுங்கள், இலவசம்.

டாக்டர் எழுதித் தரும் மருந்துக்கு இங்கே ஒன்றுக்கு 9.90 பவுண்ட், ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் இல்லை. வருமானம் குறைவென்றால் இந்தச் செலவுக்கு உதவி கேட்கும் எச்சி1 (HC1) படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.