ஆஸ்திரேலியப் பூர்வகுடிச் சமூகங்களில் சுகாதாரப் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களிடையே ஆரம்ப சுகாதாரத்தையும் ஊட்டச்சத்தையும் மேம்படுத்தப் புறப்படுகிறவர்கள் செய்யும் தவறுகளுள் முதன்மையானது, குறை மக்களின் அறிவில்தான் இருக்கிறது என்று கருதிவிடுவது. காய்கறி உண்ணுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள் என்னும் சுவரொட்டிகள் இந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன. 1982இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் டெர்பிப் பகுதியைச் சேர்ந்த, நீரிழிவு நோயுள்ள 10 பூர்வகுடியினர் தம் முன்னோர் நிலத்துக்குத் திரும்பி, 7 வாரம் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தார்கள்; உடனிருந்த ஆய்வாளர் கெரின் ஓடே, அவர்கள் சராசரியாக 8 கிலோ எடை குறைந்ததையும் இரத்தச் சர்க்கரை பெருமளவு சீரடைந்ததையும் பதிவுசெய்தார். நல்லுணவு எது என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. கிறித்தவ மிஷனரிகள் நடத்திய மிஷன் குடியிருப்புகளிலும் கால்நடைப் பண்ணைகளிலும் தலைமுறைகளாகப் படியளக்கப்பட்ட மாவும் சர்க்கரையும் தேயிலையும் அந்த உணவின் இடத்தைப் பிடித்துக்கொண்டன என்பதுதான் வரலாறு.

இரண்டாவது தவறு, கிளினிக்கின் வாசலோடு சுகாதாரம் முடிந்துவிடுவதாக எண்ணுவது. தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் உள்ள பிட்ஜன்ஜாரா நிலப்பகுதியில் பூர்வகுடியினரே நடத்தும் ஙானம்பா சுகாதாரக் குழு பங்கேற்று 1987இல் வெளியான அறிக்கை, நலவாழ்வுக்குரிய 9 செயல்களை வரிசைப்படுத்தியது. முதலிடம் குழந்தைகளைக் குளிப்பாட்டுவதற்கு, நான்காம் இடம் ஊட்டச்சத்துக்கு. குளிப்பாட்டக் குழாயில் தண்ணீர் வர வேண்டும். சமைக்க அடுப்பு எரிய வேண்டும். வாங்கிய கீரை வாடாதிருக்கக் குளிர்சாதனப் பெட்டி ஓட வேண்டும். வீடுகள் பழுதாகிக் கிடப்பதற்குக் குடியிருப்போரின் கவனக்குறைவே காரணம் என்பார்கள். ஆனால் பிற்பாடு வீடு வீடாகச் சோதித்தபோது, பெரும்பாலான பழுதுகள் பராமரிப்பின்மையாலும் மோசமான கட்டுமானத்தாலும் நேர்ந்தவை என்றே தெரிந்தது. சிரங்குக்கு மருந்து கொடுத்து, தண்ணீர் வராத வீட்டுக்கே குழந்தையைத் திருப்பி அனுப்பினால் தொற்று மீண்டும் வரும். சிரங்குப் புண்ணில் புகும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் தொற்று திரும்பத் திரும்ப வந்தால், அது வாதக் காய்ச்சலாகி இதய வால்வைச் சிதைக்கக்கூடும். அப்படி நேர்ந்தால் அந்தப் பிள்ளை பல ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 4 வாரத்துக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ள நேர்கிறது. ஒரு குழாயைச் சரிசெய்யாததன் விலை இவ்வளவு பெரிது.

கடையை மறந்துவிடுவதும் தவறுதான். தொலைதூரக் குடியிருப்புகள் பலவற்றில் ஒரே கடை. சரக்கு நெடுந்தூரம் வருவதால் விலையும் அதிகம். வட ஆட்புலத்தின் (Northern Territory) 20 குடியிருப்புகளில் பழம், காய்கறிகளுக்கு 20 விழுக்காடு தள்ளுபடி தந்து பார்த்த ஆய்வில் அவற்றின் விற்பனை ஏறத்தாழ 13 விழுக்காடு கூடியது. அறிவுரையைவிட விலைக்குறைப்புக்கு மக்கள் செவிசாய்த்தது நியாயமே.

அதிகாரத்தைச் சமூகத்தின் கையில் தராமல் இருப்பது, மேற்சொன்ன தவறுகள் பலவற்றுக்கு வேர். 1971இல் சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடியினர் தாமே தொடங்கிய மருத்துவச் சேவை, நாடெங்கும் எழுந்த, சமூகமே நிர்வகிக்கும் சுகாதார நிலையங்களுக்கு முன்னோடியாயிற்று. இருந்தும் வெளியில் தீட்டிய திட்டத்தைக் கொண்டுவந்து, ஓரிரு ஆண்டு நிதியோடு நிறுத்திவிடும் வழக்கம் ஓயவில்லை. பூர்வகுடிச் சுகாதாரப் பணியாளரை வெறும் வண்டியோட்டியாகவோ மொழிபெயர்ப்பாளராகவோ நடத்துவதும் இதன் மறுபக்கமே. ஆங்கிலம் மூன்றாம் மொழியாக இருக்கும் ஒருவர், மரியாதைக்காக “ஆம்” என்று சொல்வதைச் சம்மதமாகக் குறித்துக்கொள்ளக் கூடாது. பெண்களுக்கே உரிய உடல்நலச் செய்திகளைப் பெண் பணியாளரே கேட்டறிய வேண்டும்.

மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டின் கீழ் ஆண்டுதோறும் நடக்கும் உடல்நலப் பரிசோதனையில் எண்ணிக்கையைக் கூட்டுவதிலேயே நின்றுவிடுவதும் உண்டு. சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறியைக் கண்டுபிடித்த பின் அந்த மனிதரைத் தேடிப் போய் அவர் மொழியில் விளக்கி, மருந்து தீருமுன் மீண்டும் பார்க்க ஆளும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும்.