குழந்தைகளுக்கான உணவு உதவி பலன் தந்ததா? அறிக்கையை இப்படிப் படியுங்கள்

வெளிநாட்டு உணவு உதவித் திட்ட அறிக்கை எதைப் பிரித்தாலும் முதல் பக்கத்தில் எத்தனை டன் அனுப்பினோம், எத்தனை லட்சம் பேருக்குக் கொடுத்தோம் என்றுதான் இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடுங்கள். கப்பலில் ஏறியதெல்லாம் குழந்தையின் வயிற்றுக்குள் போய்விடுவதில்லை.

முதலில் எந்த வயதுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். உயர வளர்ச்சி குன்றுவது பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் நடந்துவிடுகிறது, அதன்பிறகு எவ்வளவு கொடுத்தாலும் எடை ஏறுமே தவிர விட்ட உயரத்தைப் பிடிப்பது கஷ்டம். இதற்குக் கரீபியன் நாடான ஹைட்டியில் நடந்த ஆய்வைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அங்கே மத்திய பீடபூமியில், அமெரிக்க உணவு உதவியோடு வேர்ல்ட் விஷன் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய திட்டத்தில், 20 பகுதிகளை எடுத்துக்கொண்டு பாதி இடங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட, ஏற்கெனவே எடை குறைந்த குழந்தைகளுக்கு மட்டும் உணவு கொடுத்தார்கள். மீதி இடங்களில் 6 முதல் 23 மாதம் வரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், ஒல்லியா குண்டா என்று பார்க்காமல் கொடுத்தார்கள். கடைசியில் அளந்தபோது, எல்லோருக்கும் கொடுத்த இடங்களில் வளர்ச்சி குன்றல் (வயதுக்கேற்ற உயரம் இல்லாதது), எடைக்குறைவு (வயதுக்கேற்ற எடை இல்லாதது), மெலிவு (உயரத்துக்கேற்ற எடை இல்லாதது) மூன்றுமே 4 முதல் 6 சதவீதப் புள்ளி குறைவு. 2008-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: 'எத்தனை பேர் தேறினார்கள்' என்று மட்டும் கேட்டிருந்தால் முதல் திட்டம்தான் ஜெயித்திருக்கும், ஏனென்றால் இரண்டாவதில் கணக்குக் காட்ட நோயாளியே இல்லாமல் போகலாம்.

அப்புறம் ஒப்பீடு. உதவி கிடைக்காத, மற்றபடி அதே நிலையில் உள்ள ஊர் ஒன்றோடு ஒப்பிட்டார்களா? அளந்த மாதம் எது? மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தானியம் தீர்ந்துபோகும் காலம், ஆகஸ்டில் ஒரு தடவை எடை பார்த்துவிட்டு அறுவடை முடிந்த டிசம்பரில் இன்னொரு தடவை பார்த்தால் எந்தத் திட்டமும் இல்லாமலே முன்னேற்றம் தெரியும்.

ரேஷன் அளவை நீங்களே வகுத்துப் பாருங்கள். மாதம் 6 கிலோ சத்துமாவு என்றால் நாளைக்கு 200 கிராம், சரிதான். ஆனால் வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் தாய் ஒன்றுக்கு மட்டுமா ஊட்டுவாள்? ஆளுக்கு 70 கிராம்கூட வராது. அதனால்தான் குடும்பத்துக்கும் தனியாக ஒரு பங்கு கொடுத்தார்களா என்று கேட்க வேண்டும், ஹைட்டியில் அப்படித்தான் கொடுத்தார்கள்.

கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கான சிகிச்சைத் திட்டமாக இருந்தால், அதாவது மேல்கையில் வண்ண அளவு நாடா சுற்றினால் 11.5 செ.மீ.க்கும் கீழே சிவப்பில் நிற்கும் குழந்தைகள், ஸ்பியர் என்ற சர்வதேச நிவாரணப் பணித் தரநிலையோடு வைத்துப் பார்க்கலாம்: தேறியவர்கள் 75 சதவீதத்துக்கு மேல், இறப்பு 10-க்குக் கீழ், பாதியில் நின்றவர்கள் 15-க்குக் கீழ். இதோடு நிறுத்திவிடாதீர்கள். 90 சதவீதம் பேர் தேறினார்கள் என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள், ஆனால் தேவைப்பட்ட 100 குழந்தைகளில் 20 பேர்தான் மையத்துக்கே வந்தார்கள் என்றால் உண்மையில் தேறியது 18 பேர். கிராமப்புறத்தில் பாதிப் பேரையாவது எட்டியிருக்க வேண்டும்.

செலவை டன் கணக்கில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அமெரிக்கச் சட்டப்படி அங்கிருந்து அனுப்பும் உதவி உணவில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடிக் கப்பல்களில், அதாவது அமெரிக்காவில் பதிவான கப்பல்களில் போக வேண்டும், அந்த வாடகை அதிகம். ஒரு குழந்தைக்கு எவ்வளவு ஆனது, அதில் கப்பல் வாடகையைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.