5,000 மீட்டருக்குத் தயாராவது எப்படி: தெப்பக்குளத்தில் லிடியார்ட் முறை

மதுரையில் இருபது வருஷமாகப் பள்ளிப் பிள்ளைகளை நெடுந்தூர ஓட்டத்துக்குப் பழக்குகிறேன். புதிதாக வருகிற பையன், "சார், டெய்லி எத்தனை ரவுண்டு வேகமா அடிக்கணும்?" என்றுதான் கேட்பான். அவனை உட்காரவைத்து முதலில் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் கதையைச் சொல்வேன்.

1917-ல் ஆக்லாந்தில் பிறந்த நியூசிலாந்துக்காரர். ஷூ தொழிற்சாலைத் தொழிலாளி. நண்பரோடு ஐந்து மைல் ஓடப் போய் மூச்சு முட்டித் திணறியவர், அதன்பிறகு தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கினார். 1953, 1955-ல் அந்நாட்டு மாரத்தான் பட்டம் வாங்கினார். 1960 செப்டம்பர் 2, ரோம் ஒலிம்பிக். அவரிடம் பயிற்சி எடுத்த பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரில் தங்கம். ரக்பி விபத்தில் இடது கை சூம்பிப்போன மர்ரே ஹால்பெர்க் அதே நாளில் 5,000 மீட்டரில் தங்கம். இரண்டே சுற்று ஓடுகிற ஸ்னெல்லையும் ஞாயிறுதோறும் 22 மைல் மலைப்பாதையில் ஓடவைத்தவர் லிடியார்ட்.

நீங்கள் அவ்வளவு ஓட வேண்டாம். ஆனால் முதல் மூன்று மாதம் வேக ஓட்டம் கூடாது. காலை ஐந்தரைக்கு வண்டியூர் தெப்பக்குளம் வந்துவிடுங்கள். ஒரு சுற்று சுமார் 1,200 மீட்டர். இருபது நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டுங்கள். பக்கத்தில் ஓடுகிறவரிடம் ராத்திரி என்ன சாப்பாடு என்று பேசிக்கொண்டே ஓடுங்கள். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம், உடனே குறையுங்கள். இந்த ஓட்டத்தில்தான் ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தள்ளும் ரத்தம் கூடுகிறது. தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுகின்றன. அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஒரு வருஷம் மாவட்டப் போட்டி நெருங்கிவிட்டதே என்று, எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை இரண்டாவது வாரமே 400 மீட்டர் வேக ஓட்டத்தில் இறக்கினேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி வந்து, அந்த சீசன் முழுக்க அவள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தாள். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஷூ கட்டுவதையும் கவனியுங்கள். லேஸ் குறுக்கும் நெடுக்குமாகப் போனால் பாதத்தின் மேல்நரம்பை அழுத்தும். ஏணிப்படி மாதிரி நேர்நேராகக் கோத்துக் கட்டுங்கள். லிடியார்ட் சொன்ன வழி அது. கட்டியபின் லேஸுக்கு அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும்.

நான்காவது மாதம் மேடு. அழகர்மலையில் பழமுதிர்சோலைக்கு ஏறும் ரோடு நல்ல இடம். முழங்காலை உயர்த்தி, முன்பாதத்தில் ஊன்றி, துள்ளித் துள்ளி இருநூறு மீட்டர் ஏறுங்கள், மெதுவாக இறங்குங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் போதும். கையில் பழம் கொண்டுபோகாதீர்கள், குரங்கு விடாது.

ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் வேக ஓட்டம் கடைசி நான்கு வாரம் மட்டும். போட்டி வாரத்தில் தூரத்தைப் பாதியாக்குங்கள்.

லிடியார்ட் 2004-ல், 87 வயதில், அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தின்போது காலமானார். இதய நோயாளிகளையும் மெதுவோட்டத்துக்கு அழைத்துவந்தவர் அவர். தெப்பக்குளத்தில் ஒரு பெரியவர், "தம்பி, நானும் ஓடலாமா?" என்று கேட்டார். "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கய்யா, பேசிக்கிட்டே ஓடுவோம்" என்றேன். இப்போது எங்கள் பிள்ளைகளோடு இரண்டு சுற்று வருகிறார்.